உஜோங் பாசிர் வண்டும் எங்கள் வீட்டுப் பூரானும்

எங்கள் அப்பாவும் மாமாவும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள நான் தேவைப்பட்டேன். ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அப்பா என்னைப் பார்த்து, "உங்க மாமாவுக்கு ரசம் வேணுமான்னு கேளு" என்பார். மாமா அது காதில் விழவே விழாதது போல என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் கேட்ட பிறகுதான், "போதும்னு உங்க அப்பாகிட்ட சொல்லு" என்பார். அதை நான் அப்பாவிடம் ஒப்படைப்பேன். ஒரு கரண்டி ரசம் ஒரு முழத் தூரம் போவதற்கு இத்தனை பேச்சு. எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் உட்காருகிறவளுக்கு, வீட்டில் தான் இல்லாமல் ரசம்கூட நகராது என்பது எவ்வளவு பெரிய பெருமை!

மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டுவது தனக்குச் சரிப்படவில்லை என்று, டவுனில் வேலை தேட இரண்டே வாரத்துக்கென்று காஜா பெராங்கில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மலாய் நாடு சுதந்திரம் வாங்கச் சில மாதங்களே இருந்த சமயம். வேலை என்ன ஆயிற்று என்று யார் கேட்டாலும் மாமாவிடம் ஒரே பதில்தான்: "மெர்டேக்கா வரட்டும்." சுதந்திரம் வந்ததும் வெள்ளைக்காரன் எழுந்து போகிற நாற்காலிகளில் ஒன்றாவது தன் பக்கம் உருண்டு வரும் என்று அவர் நம்பினார். "விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குன்னு சொல்வாங்க" என்று அப்பா கூரையைப் பார்த்துச் சொல்வார். அம்மா அடுப்பை ஊதுவதில் மும்முரமாகிவிடுவார்.

எனக்கோ மாமா இல்லாத வீட்டை நினைத்தும் பார்க்க முடியாது. சைக்கிள் பாரில் உட்காரவைத்து என்னை உஜோங் பாசிர் கடற்கரைக்குக் கூட்டிப் போவார். போகும் வழியெல்லாம் வாய் கூசாமல் பொய் சொல்வார். அவர் தோட்டத்தில் ஒரு புலி சம்பள நாளில் வரிசையில் நின்றதாக எனக்குச் சொல்லியிருந்தார். நானும் அதைப் பள்ளியில் சொல்லி, ஆசிரியையிடம் குட்டு வாங்கியிருந்தேன்.

அவர்கள் இருவரும் பேச்சை நிறுத்தியதற்குக் காரணம் ஒரு பட்டிமன்றம். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெரு வாசகசாலையில் பட்டிமன்றம் நடக்கும். அப்பாதான் நிரந்தர நடுவர். 'நாட்டுக்கு முதலில் வேண்டியது படிப்பா, உழைப்பா' என்று ஒரு வாரம் தலைப்பு. உழைப்பின் பக்கம் நின்று மாமா மேசையைக் குத்திக் குத்திப் பேசினார். கைதட்டலும் வாங்கினார். கடைசியில் அப்பா எழுந்து, "உழைப்பைப் பற்றிப் பேசியவர் நன்றாகப் பேசினார். அனுபவம்தான் போதவில்லை" என்று சொல்லிப் படிப்பின் பக்கம் தீர்ப்பு வழங்கிவிட்டார். சபை விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து நான்தான் இருவருக்கும் தபால்.

அப்பாவின் உத்தியோகத்தையும் சொல்லிவிட வேண்டும். அவர் ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர். புண்ணைக் கழுவிக் கட்டுப் போடுவது, ஊசி குத்துவது, முள் எடுப்பது எல்லாம் அவர் கை. தேள், பூரான் கடித்து வருகிறவர்களைப் பற்றி வீட்டில் கேலியாகப் பேசுவார். "எறும்புக்கடி மாதிரிதான். அதுக்குப் போயி ஊரையே கூட்டுறானுங்க."

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அப்பா ஊரைக் கூட்டினார்.

குளிக்கப் போனவர் ஈரச் சாரத்தோடு பின்கட்டுக்கு ஓடி வந்தார். ஒற்றைக் காலில் வந்தார். இன்னொரு காலின் பெருவிரல் தக்காளி போல வீங்கிக்கொண்டிருந்தது. குளியலறை வாசலில், விறகுக் கட்டைக்கு அடியிலிருந்து வந்த பூரான் ஒன்று, ஒரு சாண் நீளம், செம்பழுப்பு நிறத்தில், அத்தனை கால்களையும் வரிசையாக வீசிக்கொண்டு நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. அம்மா காலி பிஸ்கட் டின்னை அதன்மேல் கவிழ்த்தார். அப்பா போட்ட கூச்சலில் அடுத்த தெரு நாய்கள் பதில் சொல்லின.

மாமா சிரித்திருக்கக் கூடாது. ஆனால் சிரித்துவிட்டார். சிரித்ததோடு விட்டாரா? "இதையெல்லாம் தோட்டத்துல நாங்க பூரான்னே சொல்றதில்லன்னு உங்க அப்பாகிட்ட சொல்லு. உஜோங் பாசிர் மணல்ல நகத்தளவுல ஒரு பச்சை வண்டு ஓடுதுல்ல, அது ஒண்ணு போதும். இதைக் கடிச்சித் துப்பிடும்."

நான் ஓர் எழுத்து குறையாமல் அப்பாவிடம் சொன்னேன். அப்பாவின் கால் சுடுதண்ணீர் வாளிக்குள் இருந்தது. கண்ணில் நீர் நின்றது.

"உங்க மாமாகிட்ட சொல்லு. ஞாயித்துக்கெழம ரெண்டையும் ஒண்ணா விடுவோம். வண்டு ஜெயிச்சா அவரு மெர்டேக்கா வரைக்கும் என்ன, அதுக்கப்புறமும் இங்கயே இருக்கட்டும். பூரான் ஜெயிச்சா, திங்கக்கெழம மொத பஸ்ல பொட்டியோட தோட்டத்துக்குப் போயிடணும்."

"வலியில என்னமோ பேசுறாரு..." என்று அம்மா தொடங்குவதற்குள் மாமாவின் முகம் மாறிவிட்டது. "சரின்னு சொல்லு" என்றார்.

சொல்லிவிட்டேன். அந்த ஒரு வார்த்தையை விழுங்கியிருக்கலாமே என்று பிறகு எத்தனையோ முறை நினைத்ததுண்டு. ஆனால் தபால்காரனுக்குக் கடிதத்தைப் பிரிக்கும் வழக்கம் இல்லையே.

வீக்கம் கணுக்காலைத் தாண்டியதும் ஆஸ்பத்திரிக்குப் போவது என்று முடிவாயிற்று. வாகனம் மாமாவின் சைக்கிள் ஒன்றுதான். அப்பா கனத்த உடம்பு; மாமா முருங்கைக்காய். அப்பா பின்கேரியரில் கடிபட்ட காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நான் முன்பாரில். என்னை ஏன் கூட்டிப் போனார்கள் என்றால், நான் இல்லாவிட்டால் அவர்களால் பேச முடியாதே! "மேட்டுல மெல்லப் போகச் சொல்லு" என்று பின்னாலிருந்து வரும். நடுவில் மிதித்துக்கொண்டிருக்கும் மாமாவிடம் நான் அண்ணாந்து சொல்வேன். "மெல்லப் போனா ஏறாதுன்னு சொல்லு" என்று மாமா மூச்சு வாங்குவார். நான் மாமாவின் கை இடுக்கு வழியாகப் பின்னால் எட்டிப் பார்த்துக் கத்துவேன். வழியில் பார்த்தவர்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் அப்பாவிடம் வேலை கற்றுக்கொண்ட இளைஞர்தான் ஊசி போட்டார். "ஒண்ணுமில்லண்ணே, எறும்புக்கடி மாதிரிதான்" என்றார். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டார். வலி அடங்கும்வரை மாமா பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவருடைய சட்டை முதுகில் பிழிந்தால் தண்ணீர் வரும் போல இருந்தது. திரும்பும்போது சைக்கிளில் அப்பாவை உட்காரவைத்து, இந்த முறை மாமா தள்ளிக்கொண்டே நடந்தார். வீடு வரும்வரை அப்பா என்னிடம் எதையும் சொல்லச் சொல்லவில்லை.

மறுநாள் தெருவுக்கே விஷயம் தெரிந்துவிட்டது. பூரானா, வண்டா என்று வாசகசாலைக்காரர்கள் இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள். "யானை படுத்தாலும் குதிரை மட்டம்" என்றார்கள் பூரான் கட்சியினர். "கடுகு சிறுத்தாலும் காரம் போகாது" என்று வண்டுக் கட்சி. நான் என் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டு இரண்டையும் ஒப்பிட்டு எழுதினேன். கால்: பூரானுக்கு நாற்பதுக்கு மேல், வண்டுக்கு ஆறு. நீளம்: ஒன்று சாண், மற்றது நகம். விஷம்: ஒன்றுக்கு உண்டு, மற்றதற்கு இல்லை. வேகத்தில் மட்டும்தான் வண்டுக்கு ஒரு சரி போட முடிந்தது. எழுதி முடித்துக் கூட்டிப் பார்த்தேன். மாமா திங்கட்கிழமை பஸ் ஏறப்போகிறார் என்று அந்த நோட்டே சொல்லிவிட்டது.

அப்பாவிடம் போய் நின்றேன். காலை நாற்காலிமேல் தூக்கி வைத்திருந்தவர், டின்னைச் சாய்த்துப் பூதக்கண்ணாடியால் பூரானைக் காட்டினார். "விஷம் பல்லுல இல்ல. தலைக்குக் கீழ பாரு, கறுப்பா, வளைஞ்சி, ரெண்டு கொடுக்கு. அதுலதான் எல்லாம். அது இல்லன்னா இது வெறும் புழு." அதைச் சொல்லும்போது முந்தின நாள் கோபம் அவர் குரலில் இல்லை. டின்னை மூடிவிட்டு, "உங்க மாமா சாப்பிட்டாரா?" என்று கேட்டார். போய்க் கேட்டு வருகிறேன் என்று எழுந்தேன். "வேணாம், சும்மாதான் கேட்டேன்" என்றார்.

சனிக்கிழமை மாமாவும் நானும் உஜோங் பாசிருக்குப் போனோம். கடல் வற்றியிருந்தது. ஈர மணலில் அந்த வண்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். உடம்பு முழுக்கப் பச்சைப் பளபளப்பு, முன்னால் துருத்திய இரண்டு கண்கள், கத்தரி போல ஒன்றின்மேல் ஒன்று மடியும் தாடை. ஓடும், சட்டென்று நிற்கும், எறும்பைப் பார்க்கும், மறுபடி ஓடும். எறும்பு இருக்காது. கிட்டே போனால் விர்ரென்று பறந்து பத்தடி தள்ளி உட்கார்ந்துவிடும். மாமா சாரத்தை வீசி ஏழெட்டைப் பிடித்தார். இந்த வேகத்துக்கு முன்னால் பூரான் எம்மாத்திரம் என்று எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

அப்புறம் மாமா ஒரு காரியம் செய்தார். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, இறக்கை கிழிந்து ஒரு கால் இல்லாத ஒன்றை மட்டும் தீப்பெட்டிக்குள் போட்டுக்கொண்டு, மற்றவற்றை ஊதிப் பறக்கவிட்டார்.

"மாமா, அது நொண்டி!"

"நொண்டிதான் வீரன். மத்ததெல்லாம் பறந்து ஓடிடும். இவன் நின்னு சண்டை போடுவான் லா."

புலி சம்பளத்துக்கு நின்றதை நம்பியவளுக்கு இதை நம்புவதில் என்ன கஷ்டம்? நம்பினேன். ஆனால் வீட்டுக்கு வந்ததும் தீப்பெட்டிக்குள் ஐந்து எறும்புகளைப் போட்டேன். வீரன் மூலையில் ஒண்டிக்கொண்டு, எறும்புகளுக்கு இடம் விட்டான்.

ஞாயிறு காலை நான் எழுந்தபோது சமையலறையில் ஆஸ்பத்திரி வாசம் அடித்தது. அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு தன் இடுக்கியைக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய எனாமல் கிண்ணம். அதில் ஈரப் பஞ்சு. பஞ்சின்மேல் கறுப்பாக, வளைந்து, கூராக இரண்டு துண்டுகள்.

"என்னப்பா அது?"

"முள்ளு. யாரு கால்லயோ குத்துனது. அப்புறமா கிண்ணத்தைக் கழுவி வை" என்றார்.

மாமாவைத் தேடி முன்னறைக்குப் போனேன். அவர் இல்லை. கட்டிலுக்கு அடியில் அவருடைய தகரப்பெட்டி திறந்திருந்தது. கொடியில் தொங்கும் சட்டைகள் எல்லாம் மடித்து அதற்குள் அடுக்கப்பட்டிருந்தன. சண்டை பத்து மணிக்கு. எட்டு மணிக்கே பெட்டி கட்டியாகிவிட்டது. மாமாவுக்குத் தோற்றுவிடுவோம் என்று பயம் வந்துவிட்டது போலும் என்று நினைத்தேன். பெட்டியை வெளியே இழுத்து மூடி, ஒரு காரியமும் பிடிக்காமல் அதன்மேல் உட்கார்ந்து அழுதேன்.

பத்து மணிக்குப் பின்கட்டில் வாசகசாலைக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிவிட்டார்கள். துணி ஊறவைக்கும் பெரிய எனாமல் பேசின்தான் களம். அப்பா டின்னைச் சாய்த்தார். பூரான் பேசினுக்குள் வழிந்து, அடியில் சுருண்டு, குடித்துவிட்டு வந்தவன் போலத் தள்ளாடியது. மாமா தீப்பெட்டியைத் திறந்தார். வீரன் விழுந்தான், மல்லாக்க விழுந்தான். நான்தான் ஈர்க்குச்சியால் நிமிர்த்திவிட்டேன்.

எல்லோரும் குனிந்தார்கள். பூரான் வண்டைப் பார்த்தது. பார்த்துவிட்டு அந்தப் பக்கம் போனது. வண்டு பூரானைப் பார்த்தது. பார்த்துவிட்டு இந்தப் பக்கம் போனது. பேசினைச் சுற்றி வந்ததில் இரண்டும் எதிரெதிரே சந்திக்க வேண்டியதாயிற்று. சந்தித்ததும் இரண்டும் திரும்பிக்கொண்டன. கால் மணி நேரம் இப்படியே. வீரன் கொஞ்சம் களைப்பாறினான். பூரானும் மரியாதையாகக் காத்திருந்தது. "ரெண்டும் சொந்தக்காரங்க போலருக்கு" என்று யாரோ சொன்னார்கள். சிரிப்பு எழுந்தது. அப்பாவும் மாமாவும் மட்டும் சிரிக்கவில்லை. அப்பா, "அட, கடியேன்" என்று மெல்லச் சொன்னார். அவர் வண்டைப் பார்த்துச் சொன்னது போல எனக்குத் தோன்றியது. மாமா ஈர்க்குச்சியால் பூரானை வண்டின் பக்கமே தள்ளிக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டு பீபி வேலிப் படலைத் திறந்துகொண்டு வந்தார். பீபி, பல தலைமுறைக்கு முன்பே வந்து மலாய்க்காரர்களோடு கலந்துவிட்ட செட்டிக் குடும்பத்து அம்மா. மலாய்ப் பெண்களைப் போலச் சாரமும் கெபாயாச் சட்டையும் உடுத்தி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, மாரியம்மன் கோயிலுக்கு எங்களுக்கு முன்னால் போய் நிற்பார். ஆனால் தமிழ் தெரியாது. பேச்சு முழுக்க மலாய்தான். இத்தனை ஆண்கள் ஒரு பேசினைச் சுற்றி என்ன செய்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தார்.

"ஐயோ! லிபான்!"

பூரான் என்பதைத்தான் அப்படி அலறினார். அலறலில் ஒருவர் துள்ளினார். அவர் கால் பட்டுப் பேசின் கவிழ்ந்தது. இரண்டு வீரர்களும் சிமெண்டுத் தரைக்கு வந்தார்கள். ஆண்கள் அத்தனை பேரும் கிணற்றடிக்குப் போய்விட்டார்கள். எதிரிகள் இருவரும் ஒரே திசையில், பக்கம் பக்கமாக, பீபியின் காலை நோக்கி ஓடினார்கள். பீபி தன் கட்டைச் செருப்பில் ஒன்றைக் கழற்றினார். ஒரே அடி. செருப்பைக் கழுவிக்கொண்டு, நாங்கள் எல்லோரும் பைத்தியங்கள் என்று மலாயில் சொல்லிவிட்டு, தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

தரையில் இரண்டும் ஒன்றாகக் கிடந்தன. முதலில் அப்பாதான் நொண்டிக்கொண்டு வந்து குனிந்தார்.

"பூரான்தான் மொதல்ல செத்துச்சி" என்றார்.

"இல்ல" என்றார் மாமா. "வண்டுதான் மொதல்ல."

"பூரான் ஒடம்பு துடிக்குதே, அதைச் சொல்றியா? அது வெறும் நரம்புடா. உயிர் எப்பவோ போச்சி. டிரஸ்ஸர் நான் சொல்றேன்."

"நீங்க டிரஸ்ஸரா இருங்க மச்சான். என் வண்டு எப்ப செத்துச்சின்னு எனக்குத் தெரியாதா? செருப்பு படுறதுக்கு முன்னாலயே அது பயத்துல செத்துப்போச்சி. நான் தோத்துட்டேன்."

"நீ தோக்கல!"

"தோத்துட்டேன் மச்சான்!"

கிணற்றடியிலிருந்து திரும்பி வந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும்தான். இரண்டு பெரிய மனிதர்கள், கழுத்து நரம்பு புடைக்க, எதிராளிதான் ஜெயித்தான் என்று சண்டை போடுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கடைசியில் அப்பா என்னைக் கூப்பிட்டார். பேசின் பக்கத்திலேயே இருந்தவள் நான்தான், நானே சாட்சி. "பயப்படாம சொல்லும்மா. எது மொதல்ல?"

ஒரே அடியில் இரண்டும் ஒன்றாகத்தான் செத்தன. அது எனக்கு நன்றாகத் தெரியும். இத்தனை நாளாக ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் ஓர் எழுத்து மாற்றாமல் சொல்லி வந்தவள் நான். ஆனால் கட்டிலுக்கடியில் இருந்த பெட்டி கண்முன் நின்றது.

"பூரான்தான் மொதல்ல" என்றேன்.

மாமா என்னைக் கட்டிக்கொள்வார் என்று காத்திருந்தேன். அவர் என்னை முறைத்தார். அப்படி ஒரு முறைப்பை அவரிடம் அதுவரை நான் கண்டதில்லை. அப்பாதான் என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். தோற்றவர் தடவுகிறார், ஜெயித்தவர் முறைக்கிறார்; என்ன உலகம் இது என்று எனக்கு அழுகை வந்தது.

"புள்ள சொல்லிட்டா. அதுக்கு மேல என்ன பேச்சு? கையைக் கழுவிட்டு வாங்க, சோறு ஆறுது" என்று அம்மா உள்ளே போனார். நான் பின்னாலேயே போனேன். அம்மா தகரப்பெட்டியை இழுத்து, மாமாவின் சட்டைகளை ஒவ்வொன்றாக உதறிக் கொடியில் மாட்டினார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேட்டதற்கு அடுப்புப் புகை என்றார். முன்னறையில் புகை ஏது?

மாமா அப்புறம் ஆறு வருடம் எங்களோடு இருந்தார். மெர்டேக்காவும் வந்தது, வேலையும் வந்தது: சாக்கடைகளுக்குக் கொசு மருந்து அடிக்கும் வேலை. பூச்சிகளோடு தனக்கு இருக்கும் அனுபவத்தைச் சொல்லித்தான் வாங்கியதாகச் சொல்லிக்கொள்வார்.

அன்றைய சாப்பாட்டைச் சொல்லாமல் விடக் கூடாது. மேசையில் வழக்கம் போல எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நான் நடுவில், தொண்டையைச் செருமிக்கொண்டு தயாராக இருந்தேன். அப்பா கரண்டியை எடுத்தார்.

"ரசம் ஊத்திக்க" என்றார்.

"போதும் மச்சான்" என்றார் மாமா.

நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. பூரானுக்கு மொத்தம் எத்தனை கால் என்று பேசிக்கொண்டே போனார்கள். யாருக்காக வாழ்க்கையிலேயே முதல் பெரிய பொய்யைச் சொன்னேனோ, அவர்களே என் வேலையைப் பறித்துக்கொண்டுவிட்டார்கள். கோபத்தில் மோர்கூட ஊற்றிக்கொள்ளாமல் எழுந்து சமையலறைக்குப் போனேன். அப்பாவின் எனாமல் கிண்ணம் காலையில் வைத்த இடத்திலேயே இருந்தது. பஞ்சின்மேல் அந்த இரண்டு கறுப்பு முட்களும் அப்படியே இருந்தன. பாவம், இவ்வளவு வளைந்த முள் யார் காலில் குத்தியதோ என்று நினைத்துக்கொண்டே அவற்றைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.